சாமுராய்ப் படங்களும் அவற்றின் கவர்ச்சியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, மாணவர் விடுதியொன்றின் தாழ்வாரத்தில் யாம் கண்ட சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. மாணவர் நால்வர் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து, தலையோடு தலை முட்ட அமர்ந்திருந்தனர். அருகிற் சென்று நோக்கினோம். சிறிய திரையிற் பெருமழை பெய்துகொண்டிருந்தது. சேற்றில் குதிரைகள் வழுக்கி விழுந்தன. உழவர் மூங்கில் ஈட்டிகளுடன் ஓடினர். ஒருவன் வாளை ஓங்கிக் கூவிக்கொண்டு பாய்ந்தான். "இவன் யார்? யாருக்காகப் போரிடுகின்றான்?" என்று வினவினோம். "அது தெரியாது, ஐயா. சண்டைப் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், பத்து நிமிஷந்தான், மிக நன்றாயிருக்கிறது" என்றான் ஒருவன். அவ்வழியே வந்த முதிய ஆசிரியர் ஒருவர் இதனைக் கேட்டு முகஞ்சுளித்து, "வெட்டும் குத்தும் காண்பதற்கோ இவர்கள் கல்லூரிக்கு வந்தார்கள்?" என்று எம்மிடம் கூறிவிட்டுச் சென்றார்.

இவ்விரு கூற்றுக்களும் எம் உள்ளத்தை விட்டு நெடுநாள் அகலவில்லை. மாணவன் கூற்றிலும் உண்மை உண்டு. ஆசிரியர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இருவரும் ஒரே பிழையையே செய்தனர் என்பது எம் கருத்து. சண்டையைக் கதையினின்றும் பிரித்தெடுத்துத் தனிப்பொருளாக இருவரும் நோக்கினர். அங்ஙனம் பிரித்ததனை ஒருவர் போற்றினார், மற்றவர் தூற்றினார். சாமுராய்ப் படங்களுள் தலைசிறந்தவற்றை ஆய்ந்து நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். அவற்றின் வாட்போர் நம்மைக் கவர்வது வாளினால் மட்டுமன்று. வாள் உறையினின்று வெளிப்படுமுன் கழிந்த பொறுமையினாலும், அது மீண்டும் உறை புகுந்தபின் எஞ்சி நிற்கும் இழப்பினாலுமே ஆம். இதனை நிறுவுதலே ஈண்டு எம் நோக்கம்.

முதற்கண் இப்படங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். சாமுராய் என்பார் ஜப்பான் நாட்டின் போர்மறவர் வகுப்பினர். தலைவனை இழந்து வேலையற்றுத் திரியும் சாமுராயை 'ரோனின்' என்பர். 1603 முதல் 1868 வரை தோக்குகாவா மரபினர் ஆண்ட நெடிய அமைதிக் காலத்தில் இம்மறவருக்குப் போர்த்தொழில் குறைந்து, அவருட் பலர் கணக்கரும் காவலருமாயினர். 1876-ஆம் ஆண்டில் பொதுவிடங்களில் வாள் அணிதலே சட்டத்தால் விலக்கப்பட்டது. ஆகவே, திரைப்படக் கலை ஜப்பானிற் புகுந்தபொழுது சாமுராய் நினைவிலும் நாடகமேடையிலுமே வாழ்ந்திருந்தான். கபுக்கி நாடகத்தில் வாட்போர் கூத்தினைப்போல் அமைந்திருந்தது. 1917-இல் சவாடா ஷோஜிரோ என்னும் நடிகர் தொடங்கிய 'ஷின்கொக்குகெகி' நாடகக்குழு, உண்மைப் போரை ஒத்த விரைவையும் வன்மையையும் மேடைக்குக் கொணர்ந்தது. அவ்விரைவு திரைக்கும் பரவிற்று. 1925-இல் வெளிவந்த 'ஒரோச்சி' என்னும் மௌனப்படத்தில் பாண்டோ சுமசபுரோ என்பார், தன் நல்லெண்ணம் ஒருவராலும் உணரப்பெறாத ஒரு ரோனினாக நடித்து, இறுதியிற் பெருங்கூட்டத்தோடு தனித்து நின்று பொருதார். அந்நாளில் திரையின் அருகே நின்று கதை சொல்லும் 'பென்ஷி' என்பாரின் குரலோடு ஜனங்கள் அதனைக் கண்டு களித்தனர். வாளும் வாளும் மோதும் ஓசையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இவ்வகைப் படங்களுக்குச் 'சாண்பரா' என்னும் பெயர் வழங்கலாயிற்று. பெயரே ஓசையாயிருத்தலின், இவை தொடக்கத்திலிருந்தே செயலை முன்னிறுத்திய படங்கள் என்பது தெளிவு.

இனி, ஆசிரியர் கூறிய குற்றச்சாட்டை நோக்குவோம். சண்டை காண்டல் இழிந்த இன்பம் என்பது அவர் கொள்கை. இதனை முற்றும் ஏற்க எம்மால் இயலவில்லை. பயின்ற உடல் பிழையின்றி அசைவதைக் காண்டலில் மனிதனுக்கு இயல்பாகவே ஓர் உவகை உண்டு. தச்சன் இழைப்புளியை ஒரே சீராகத் தள்ளுவதையும், குயவன் சக்கரத்தில் மண்ணை எழுப்புவதையும், மாணவன் ஒருவன் உயரத் தாண்டுங் கோலைத் தொடாமற் கடப்பதையும் நின்று பார்க்கின்றோம் அல்லமோ? அவ்வுவகைக்கு நாணவேண்டுவதில்லை. 'ஏழு சாமுராய்' படத்தின் வாட்போர்களைப் பயிற்றியவர் சுகினோ யோஷியோ என்னும் பழம்பள்ளி வாளாசிரியர். நிற்கும் நிலை, அடியெடுத்து வைக்கும் முறை, வாளைத் தாழ்த்திப் பிடிக்கும் அமைதி ஆகியவற்றில் அப்பயிற்சி தோன்றுகின்றது. வீண் சுழற்சி ஒன்றும் அதில் இல்லை. சொற்சுருக்கம் நல்ல உரைநடைக்கு அழகு என்று வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர், அசைவின் சுருக்கத்தை ஏன் அழகென்று கொள்ளலாகாது?

ஆயினும், அவ்வுவகை மட்டுமே இப்படங்களின் பயனாயின் அவற்றைக் குறித்து இத்துணை எழுதவேண்டுவதில்லை. அதற்கு அப்பாலும் ஒன்று உளது. அதனை அறிதற்கு அம்மாணவர் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம்.

'ஏழு சாமுராய்' 1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. டைரக்டர் அகிரா குரோசாவா. படத்தின் நீளம் 207 நிமிஷங்கள். காலம், பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலம். கொள்ளைக்கூட்டத்தார் நாற்பதின்மர் ஒரு மலைநாட்டுச் சிற்றூரை அறுவடைக்குப்பின் தாக்கக் கருதியிருக்கின்றனர். உழவர் அதனை யறிந்து, தம்மைக் காக்கச் சாமுராய்களைத் தேடிப் புறப்படுகின்றனர். கூலியாகக் கொடுக்க அவர்பால் உள்ளது சோறு ஒன்றே. அவ்வரிசியைச் சாமுராய்க்கு ஆக்கிப்போட்டுத் தாம் சாமைபோன்ற புன்தானியத்தை உண்கின்றனர். இதனை ஒருவன் எடுத்துக்காட்ட, முதிய சாமுராயாகிய கம்பே, சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, அச்சோற்றை வீணாக்குவதில்லை யென்று உறுதி கூறுகின்றார். அக்கிண்ணமே இப்படத்தின் அச்சாணி. அதன்பின் நிகழும் ஒவ்வொரு வெட்டும் அச்சோற்றுக்கு ஈடு. இதனை அறியாதவன் மழைப்போரைக் காணின், காரணமின்றி மனிதர் ஓடுதலையே காண்பான்.

அப்போர் தொடங்குமுன் படம் நம்மை எத்துணைப் பொறுமையோடு பயிற்றுகின்றது என்பதையும் கருதுக. கம்பே முதன்முதல் திரையில் வாளெடுக்கும்பொழுது வெட்டு நமக்குக் காட்டப்படுவதேயில்லை. குழந்தையைக் கவர்ந்து ஒரு கொட்டிலிற் புகுந்த திருடனை வெல்லுதற்கு, அவர் சாமுராயின் பெருமைக்கு அடையாளமாகிய குடுமியை மழித்துக்கொண்டு துறவிவேடம் பூண்கின்றார். உள்ளே பாய்கின்றார். திருடன் வெளியே ஓடிவந்து மெல்ல, மிக மெல்லச் சாய்கின்றான். அவ்வளவே. வெட்டைக் காட்டாது, அவ்வெட்டுக்காக அவர் இழந்த குடுமியைக் காட்டியதனால், அம்மனிதர் யாரென்பதை முதற்காட்சியிலேயே அறிந்துகொள்கின்றோம். வீரர் பின்னர்த் தேர்ந்தெடுக்கப்படும் முறையும் இத்தகையதே. கதவின் மறைவிற் கழியோடு ஓர் இளைஞனை நிறுத்தி, உள்ளே வருவானை அடிக்கச் செய்கின்றனர். ஒருவன் அடியைத் தடுத்துச் சினந்து செல்கின்றான். கொரோபே என்பானோ வாயிலிலேயே நின்று, உள்ளே ஏதோ உளதென உணர்ந்து நகைக்கின்றான். சண்டையில் வென்றவன் அல்லன், சண்டை நேராமற் செய்தவனே சிறந்தவனாகக் கொள்ளப்படுகின்றான்!

கியூசோ என்னும் வீரனைப்பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். அவன் ஒருவனோடு மரக்கழியால் பொருது காட்டுகின்றான். எதிரி, "இருவரும் சமம்" என்கின்றான். கியூசோ அமைதியாக மறுத்து, உண்மை வாளாயின் நீ இறந்திருப்பாய் என்னும் பொருள்படக் கூறுகின்றான். எதிரி மானம் பொறாது உண்மை வாளை எடுக்கின்றான். இருவரும் அசையாது நிற்கின்றனர். பின்னர் ஒரே வீச்சு, எதிரி வீழ்கின்றான். கூத்தும் ஆரவாரமும் இல்லை. கியூசோவின் முகத்தில் வென்ற மகிழ்ச்சியும் இல்லை. ஒருவன் தன் அறியாமையை ஒப்புக்கொள்ள மாட்டாமையால் உயிரிழந்தான் என்னும் துயரமே எஞ்சுகின்றது. இருமுறையும் ஒரே அசைவு, ஒரே முடிவு. முதன்முறை அதனைக் காண மாட்டாதவன் அவ்வெதிரி மட்டுமல்லன், நாமுந்தான். எதனை எங்ஙனம் நோக்கவேண்டும் என்று கண்ணுக்கு அங்கே பாடம் சொல்லப்படுகின்றது.

போர் நடக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஊரின் வரைபடம், வேலி, நீர்தேங்கிய வயல், பாலம், ஒருவர் இருவராகக் குதிரைவீரரை உள்ளே விட்டு வழியை அடைக்கும் சூழ்ச்சி ஆகியவை நமக்கு முன்னரே விளக்கப்படுகின்றன. கொல்லப்பட்ட கொள்ளையர் வட்டங்களாகக் குறிக்கப்பட்டு ஒவ்வொன்றாக அடிக்கப்படுகின்றனர். ஆகவே, நாமும் கம்பேயோடு சேர்ந்து கணக்கிடுகின்றோம். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பதறியவனுக்கு நேர்வது என்ன என்பதையும் படம் காட்டாமல் விடவில்லை. கியூசோ இரவில் தனியே சென்று பகைவரின் துப்பாக்கியொன்றைக் கைப்பற்றிவந்து, ஒரு சொல்லும் மிகையாகக் கூறாது உறங்கப்போகின்றான். அதனைக் கண்டு பொறாத கிகுச்சியோ, தன் காவலிடத்தைத் துறந்து தானும் ஒரு துப்பாக்கி கொணர்கின்றான். பாராட்டை எதிர்நோக்கியவனுக்குக் கம்பேயின் கண்டனமே கிடைக்கின்றது. அவன் நீங்கிய நேரத்திற் பகைவர் புகுந்தனர், கொரோபே உயிர்துறந்தான். வீரத்துக்கும் வீரப்பகட்டுக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாக எவ்வாறு விளக்குவது?

இறுதிப் போரைக் குரோசாவா பல காமிராக்களை ஒரே காலத்தில் இயக்கிப் படமெடுத்தார். பெருமழையிற் குதிரைகள் பாயும்பொழுது யாது நிகழும் என்பதை முன்னறிந்து கூறமுடியாது. நிகழ்ந்ததை மீண்டும் நிகழ்த்தவும் முடியாது. ஆதலின் அவ்வேற்பாடு. தொலைவிலிருந்து அணுக்கமாகக் காட்டும் கண்ணாடிவில்லைகள் சேற்றையும் குளம்பையும் முகத்தையும் ஒருங்கே நெருக்கித் தருகின்றன. ஆனால் அத்திறத்தினும் எம்மை அசைத்தது பிறிதொன்று. எழுவருள் இறந்தோர் நால்வர். அந்நால்வரும் துப்பாக்கிக் குண்டினாலேயே மாள்கின்றனர். ஒருவரேனும் வாளால் வெல்லப்படவில்லை. வாழ்நாள் முழுதும் பயின்ற கியூசோவை, மறைந்திருந்து விரலசைத்த ஒருவன் வீழ்த்துகின்றான்; வீழும்பொழுதும் அவன் தன் வாளைக் குண்டு வந்த திசைநோக்கி எறிகின்றான். 1543-இல் போர்ச்சுகீசியர் வாயிலாக ஜப்பானிற் புகுந்த துப்பாக்கி, ஒரு தொழிலையும் அதன் அறத்தையும் முடிவுக்குக் கொண்டுவரும் காட்சி அது. முடிவில் உழவர் பாடிக்கொண்டு நாற்று நடுகின்றனர். எஞ்சிய மூவர் நான்கு மண்மேடுகளின் கீழ் நின்று, வென்றவர் தாம் அல்லர், உழவரே என உணர்கின்றனர். பத்து நிமிஷச் சண்டையை மட்டும் பார்த்தவன் வெற்றியைக் கண்டான். மூன்றரை மணி நேரம் பார்த்தவனே தோல்வியையும் கண்டான்.

சண்டை மெய்யையும் பொய்யையும் பிரித்துக்காட்டும் உரைகல்லாகவும் ஆகும் என்பதற்குக் குரோசாவாவின் 'ராஷோமோன்' சான்று. 1950-இல் எடுக்கப்பெற்று, 1951-இல் வெனிஸ் நகர விழாவில் முதற்பரிசு பெற்ற படம் அது. ஒரு கொலையைப் பலர் பலவாறு உரைக்கின்றனர். கொள்ளைக்காரன் உரைக்கும் கதையில், அவனும் சாமுராயும் இருபத்துமூன்று முறை வாளோடு வாள் மோதிப் பேராண்மையோடு பொருதனர். அதே போரை மறைந்திருந்து கண்ட விறகுவெட்டி உரைக்கும்பொழுதோ, இருவரும் நடுங்குகின்றனர், தடுக்கி விழுகின்றனர், மூச்சிரைக்க மண்ணில் ஊர்கின்றனர். மனிதர் தம் செயலைத் தாமே எடுத்துரைக்கும்போது எத்துணை அழகாக்கிக் கொள்கின்றனர் என்பதை இவ்விரு சண்டைகளும், ஒரு சொற்பொழிவும் இன்றி, நமக்கு உணர்த்துகின்றன. இப்படத்தின் தாக்கத்தால் நம் தமிழிலும் எஸ். பாலசந்தர் 1954-இல் 'அந்த நாள்' என்னும் படத்தைப் பாடலும் நடனமும் இன்றி எடுத்தார் என்பது அன்பர் பலர் அறிந்ததே.

'ஏழு சாமுராய்' 1960-இல் அமெரிக்காவிற் குதிரைவீரர் கதையாக மாறிற்று. 1961-இன் 'யோஜிம்போ', 1964-இல் இத்தாலியர் எடுத்த துப்பாக்கி வீரர் படத்துக்கு மூலமாகி வழக்குக்கும் இடமாயிற்று. 1975-இன் 'ஷோலே'யிலும் எழுவர் கதையின் சாயலைக் காணலாம். உடையும் படைக்கலமும் மாறியும் கதை பிழைத்தது. ஆதலின், இக்கவர்ச்சி வாள் என்னும் புதுமைப்பொருளால் விளைந்ததன்று என்பது பெறப்படும்.

இனி மறுபக்கத்தை மறையாது கூறுவோம். முதிய ஆசிரியரின் அச்சம் வரலாற்றில் வேரூன்றியதே. சாமுராயின் பற்றுறுதியையும் சாவுக்கு அஞ்சாமையையும் புகழ்ந்து புகழ்ந்து, ஜப்பானிய இராணுவ அரசாங்கத்தார் ஓர் இளந்தலைமுறையையே போர்க்களத்துக்கு அனுப்பினர். திரைப்படமும் அப்பணிக்கு அழைக்கப்பட்டது. நாற்பத்தேழு ரோனின்களின் பழிவாங்குங் கதையை மிசோகுச்சி கெஞ்ஜி 1941, 1942-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக எடுத்தது அக்காலத்திலேதான். அவரோ யாவரும் எதிர்பார்த்த இரவுத் தாக்குதலைத் திரையிற் காட்டாது, கடிதமொன்றின் வாயிலாகச் சொல்லவைத்துவிட்டார். போரில் ஜப்பான் தோற்ற பின்னர், 1945 முதல் நாட்டை ஆண்ட நேச நாட்டுப் படையதிகாரிகள், பழிவாங்கலையும் கண்மூடிய தலைவன்பற்றையும் புகழும் கதைகளைத் தடுத்தனர். குரோசாவா 1945-இல் எடுத்த 'புலியின் வாலை மிதித்தவர்' என்னும் படமும் 1952 வரை வெளிவரவில்லை. தடைசெய்தல் சரியான மருந்து என்று யாம் கூறவில்லை. நோய் இருந்தது உண்மை என்றே கூறுகின்றோம். கொல்லுதலை எளிதாகவும் தூய்மையாகவும் காட்டும் படம் இளைஞர் உள்ளத்திற் பொய்யை விதைக்கின்றது. 1960-களின் பிற்பகுதி தொடங்கிக் குருதியைப் பீறிடச் செய்வதனையே கலையாகக் கொண்ட சாண்பராப் படங்களும் பலவாயின. அவற்றைப் போற்ற எம் எழுதுகோல் எழாது.

ஆயினும், அந்நோய்க்கு மருந்தும் அவ்வகைப் படங்களிலிருந்தே பிறந்தது என்பதைச் சிந்திக்குக. கோபயாஷி மசாகி என்னும் டைரக்டர், அப்போரிற் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பதவியுயர்வை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே நின்றவர். அவர் 1962-இல் எடுத்த 'ஹராகிரி' என்னும் படம் 1630-ஆம் ஆண்டில் நிகழ்வது. வறுமையால் தன் வாளையும் விற்றுவிட்டு மூங்கில் வாளைச் செருகித் திரியும் இளைஞன் ஒருவன், பெருங்குடியொன்றின் வாயிலில் உதவி நாடி நிற்கின்றான். சாமுராயின் மானம் என்னும் பெயரால் அக்குடியினர் அவனை அம்மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்து இறக்கும்படி கட்டாயப்படுத்துகின்றனர். அவனுடைய மாமனாகிய ரோனின் பின்னர் வந்து, அவர்தம் மானத்தின் போலித்தன்மையை வாயாலும் வாளாலும் வெளிப்படுத்துகின்றான். படத்தின் பெரும்பகுதி அமர்ந்த நிலையிற் பேசும் பேச்சே. வாள் எழும்பொழுது, இரண்டு மணி நேரம் நம் நெஞ்சில் அடைபட்ட சினம் முழுவதும் அதனோடு எழுகின்றது. முடிவிலோ, அவனையும் துப்பாக்கியே வெல்கின்றது. அக்குடியின் நாட்குறிப்பு நடந்ததை மறைத்து எழுதப்படுகின்றது. சாமுராய் வழிபாட்டைச் சாமுராய்ப் படமே இடித்துரைத்த இடம் இது.

யமடா யோஜி 2002-இல் எடுத்த 'அந்திநேரச் சாமுராய்' என்னும் படத்திலும் மூங்கில் வாள் ஒன்று வருகின்றது. மனைவியின் ஈமச்செலவுக்காகத் தன் நெடுவாளை விற்ற ஏழை எழுத்தன் ஒருவன், மேலோர் ஆணையால், ஒரு வீட்டினுள் அடைந்திருக்கும் வீரனைக் கொல்லச் செல்கின்றான். இருவரும் முதலில் அமர்ந்து, இறந்த தம் அன்பினரைப்பற்றிப் பேசுகின்றனர். பின்னர் இருண்ட சிற்றறையிற் போர். வீரனின் நெடுவாள் உத்தரத்திற் சிக்குகின்றது. ஏழையின் குறுவாள் வெல்கின்றது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நாம் கைகொட்டலாம். ஆனால் கைகொட்ட மனம் வரவில்லை. தன்னைப்போன்ற ஒருவனையே அவன் கொன்றான் என்பதை அறிந்திருக்கின்றோம்.

கைகொட்டுதல் என்றவுடன் எமக்கு நினைவு வருவது, 1962-இல் குரோசாவா எடுத்த 'சஞ்சுரோ'வின் இறுதிக் காட்சி. முதிர்ந்த ரோனின் ஒருவனும் அவன் பகைவனும் எதிரெதிரே, கைநீட்டினால் தொடும் அளவில், நெடுநேரம் அசையாது நிற்கின்றனர். ஒரே கணத்தில் யாவும் முடிகின்றது. குருதி ஊற்றெனப் பாய்கின்றது. சூழ்ந்து நின்ற இளஞ் சாமுராய்கள் ஒன்பதின்மருள் ஒருவன் வியந்து பாராட்டுகின்றான். வென்றவனோ அவன்மேற் சீறி விழுகின்றான். மாண்டவன் தன்னைப்போன்றவனே என்றும், உறையில் தங்காத வாளே இருவரும் என்றும், நல்ல வாள் உறையிலேயே இருக்கும் என்று ஒரு மூதாட்டி முன்னர்ச் சொன்னது மெய்யென்றும் கூறி, அவர்களைப் பின்தொடர வேண்டாவென விலக்கிப் போய்விடுகின்றான்.

அவ்வொன்பது இளைஞரும் யாவர்? திரைக்கு இப்பால் அமர்ந்திருக்கும் நாமே. நம் வியப்பை ஊட்டியவனே அவ்வியப்புக்காக நம்மைக் கடிந்துகொள்கின்றான். எம் கருத்தில், சிறந்த சாமுராய்ப் படத்தையும் வெறுஞ் சண்டைப் படத்தையும் பிரித்தறியும் கருவி இதுவே. வாள் வீசப்பட்டபின் படம் சிறிது நின்று, அவ்வீச்சுக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று கேட்கின்றதா? கேட்பின், அதன் செயல் அறத்தின் உருவம். கேளாதாயின், அது கண்ணைச் சொறிந்துகொள்ளும் இன்பமே. சொறியச் சொறியத் தினவு மிகுமேயன்றித் தணியாது.

மாணவ நண்பர்களே! உங்கள்மேல் எமக்குள்ள குறை, நீங்கள் சண்டை பார்க்கின்றீர்கள் என்பதன்று. சண்டையை முழுதும் பார்ப்பதில்லை என்பதே. தும்பை விட்டு வாலைப் பிடிக்கின்றீர்கள். காத்திருத்தலை வெட்டியெறிந்துவிட்டு விரைவை மட்டும் வைத்துக்கொண்டால், அவ்விரைவும் விரைவாகத் தோன்றாது. பத்து நிமிஷம் ஐந்தாகும், ஐந்து ஒன்றாகும், ஒன்றும் சலிக்கும். பெரியோர்களே! உங்களிடம் யாம் வேண்டுவதும் ஒன்று உண்டு. காணாததனைப் பழிக்கற்க. உடன் அமர்ந்து காண்க. கண்டபின் பழிப்பதாயினும் உங்கள் பழிச்சொல்லுக்கு மதிப்பு உண்டாகும்.

அந்நால்வர்க்கும் யாம் அறிவுரை ஒன்றும் கூறவில்லை. அடுத்துவந்த இரு சனிக்கிழமை மாலைகளில், விடுதியின் கூடத்தில் வெள்ளைத்துணி கட்டி, 'ஏழு சாமுராய்' படத்தை முதலிலிருந்து காட்ட ஏற்பாடு செய்தோம். முதல் மாலையில் ஏறக்குறைய முப்பதின்மர் வந்தனர்; முதல் ஒரு மணி நேரத்திற் பத்துப் பேர் எழுந்து போயினர். நால்வருள் ஒருவனும் அவர்களோடு போனான். இரண்டாம் மாலையில் அவனைத் தவிர மற்ற மூவரும் முன்வரிசையில் இருந்தனர். மழைப்போர் தொடங்கிற்று. கைப்பேசியிற் பலமுறை பார்த்த அதே காட்சி. ஆனால் கியூசோ குண்டுபட்டு வீழ்ந்தபொழுது கூடத்தில் ஓர் ஓசையும் எழவில்லை. விளக்கேற்றியபின், முன்பு "தெரியாது, ஐயா" என்று விடைகூறிய மாணவன் எம்மிடம் வந்து, "அவர் இறந்துபோவார் என்று எனக்கு முன்பே தெரியும், ஐயா. ஆனால் அவர் யார் என்று அப்போது தெரியாது" என்றான்.

பின்வரிசையில் எப்பொழுதோ வந்து அமர்ந்திருந்த முதிய ஆசிரியர், கைத்தடியை ஊன்றி எழுந்து, செல்லும்பொழுது எம்மை நோக்கி, "முதற்பகுதியை மீண்டும் எப்பொழுது காட்டுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். வரும் ஆண்டிலும் அப்படத்தைக் காட்ட எண்ணியுள்ளோம். எழுந்து போனவர்களையும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்போம்.